கருங்குயில் பங்களாவில் ஐந்து பேர்

ஜமீன்தார் செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய மகன் வேலை கேட்டு வந்துவிட்டான்.

சண்முகப்பிரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். குக்கர் விசில் அடித்தது அவள் காதில் விழவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்ததை மறுபடியும் படித்தாள்.

"ஜமீன்தார் டூட்டியில இருக்கும்போது இறந்திருக்காரு. அதனால அவரு பையனுக்கு அதே இடத்த கருணை அடிப்படையில குடுக்கணும்னு கேட்டுக்கிறேன்."

ஜமீன்தாரைக் கொன்றது அவள்தான். மழை, இடி, தானாக அணைந்த மெழுகுவர்த்தி, கழுத்தில் இரண்டு சின்னத் துளைகள் என்று எல்லாம் பொருத்தமாக வைத்துத்தான் கொன்றிருந்தாள். படிக்கிறவர்கள் பயந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தாள். காலியிடம் யாருக்கு என்று கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அது ஒரு திகில் விளையாட்டு. மலையுச்சியில் கருங்குயில் பங்களா என்று ஒரு பாழடைந்த மாளிகை. அடைமழையில் ஐந்து பேர் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஜமீன்தார், வைத்தியர், ஓவியர், சமையல்காரர், வண்டிக்காரர். ஆளுக்கு ஒரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று ஒவ்வொருவரும் தினம் குழுவில் எழுதிப் போட வேண்டும். அதற்குப் பங்களாவும் அதிலிருக்கும் பேயும் என்ன செய்தன என்று சண்முகப்பிரியா பதில் எழுதுவாள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இரண்டு வாரத்தில் கதை முடிந்துவிடும்.

அவளுக்காகவே கண்டுபிடித்தது போன்ற விளையாட்டு. பி.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள். ஆனால் பஸ்ஸில் "இங்க நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் மற்றவர்களோடு இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிறவள்.

சென்னையில் ஒரு கம்பெனி, போனில் விளையாடும் கதைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே எழுத ஆள் தேடினார்கள். கம்பெனியை நடத்தும் மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "முன்பின் தெரியாத ஐந்து பேரை வைத்து ஒரு கதையைத் தொடங்குங்கள். ஒருவர்கூட விலகாமல் முடித்துக் காட்டுங்கள். பாதியில் நின்றுபோன கதைகள் எங்களிடமே நிறைய இருக்கின்றன."

அப்பா சுப்பிரமணியன் நிலக்கரி மைன்ஸில் ஃபோர்மேன். அவருக்கு வேறு திட்டம். பண்ருட்டியில் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டிருந்தார். ஒன்றாம் தேதி வகுப்புத் தொடக்கம். வாரம் ஒரு நாள் ஒவ்வொருவரும் மேடையேறிப் பேச வேண்டும் என்று அவர்கள் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து சண்முகப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாலு பேர் எதிர்ல வாய் தொறக்காதது, அஞ்சு பேர வெச்சி மேய்க்கப் போவுதாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார், அவள் அங்கே இல்லாதது மாதிரி. "ஒண்ணாந்தேதி வரைக்கும்தான். அப்புறம் பண்ருட்டி பஸ்ஸு."

"அதுக்குள்ள முடிச்சிடும். நீங்க ஏன் அதயே சொல்லிக்கினு இருக்கீங்க" என்றாள் அம்மா. ஆனாலும் பண்ருட்டிக்குக் கொண்டுபோக ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

இலவச சிம் வந்து ஊரே போனும் கையுமாக இருந்த சமயம். சண்முகப்பிரியா மைன்ஸ் டவுன்ஷிப்பின் ஃபேஸ்புக் குழுவில் அறிவிப்புப் போட்டாள். ஒரு வாரம் யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் அதன் கீழே, பழைய பிரிட்ஜ் விற்பனைக்கு இருப்பதாக எழுதினார். அப்புறம் ஒரு சாயங்காலம் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக "சேர்ந்துக்கறோம்" என்று செய்தி அனுப்பினார்கள். எல்லாமே தெரியாத எண்கள். ஒரு எண்ணுக்கு முருகன் படம், ஒன்றுக்கு ரோஜாப்பூ, இன்னொன்றுக்கு யாரோ ஒரு கைக்குழந்தை. யார், எவர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர்களும் திருப்பிக் கேட்பார்கள். உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது என்பதையே முதல் விதியாக்கிவிட்டாள்.

இப்போது ஜமீன்தார் செத்துக் கிடந்தார்.

"இறந்தவர் ஆவியாகக் கதையில் தொடரலாம்" என்று விளக்கினாள்.

"ஆவி பர்மனெண்டா, கான்ட்ராக்டாங்க?" என்று கேட்டார் ஜமீன்தார்.

"அவரு கேக்கறது நியாயந்தானே, குடும்பம் இருக்கில்ல" என்றார் சமையல்காரர். வைத்தியரும் ஆமோதித்தார்.

ஜமீன்தார் கோபித்துக்கொண்டு விலகினால் ஐந்து நான்காகிவிடும். தனக்கு நேரில்தான் மறுத்துச் சொல்ல வராது என்று சண்முகப்பிரியா நினைத்திருந்தாள். எழுத்திலும் வரவில்லை. மறுநாள் காலை ஜமீன்தார் மகன் பங்களாவுக்குள் நுழைந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னான்.

அத்தோடு சாவு பயம் போயிற்று. அன்று மத்தியானமே சமையல்காரர், பேய் விஷம் கலந்தது என்று தெரிந்தே சூப்பைக் குடித்தார். சாயங்காலம் அவருடைய மருமகன் வந்து, "மாமாவ விட நல்லா சமைப்பேன்" என்று பொறுப்பேற்றுக்கொண்டார். வண்டிக்காரருக்கு வாரிசு இல்லை. ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்.

இனி யாரும் சாக மாட்டார்கள் என்று சண்முகப்பிரியா விதியை மாற்றினாள். சாவுக்குப் பதிலாக நிலவறையைத் திறந்தாள். பங்களாவுக்கு அடியில் கறுத்த, அசையாத ஒரு ஏரி. அந்தத் தண்ணீரைத் தொட்டவர் தன் பெயரை மறந்துவிடுவார். ஏரியின் அடியிலிருந்து ஒரு பெண் அழும் சத்தம். எழுதி முடித்தபோது அவளுக்கே முதுகு சில்லிட்டது.

"அந்தோ, தனியே எவரும் இறங்கலாகாது. இருவர் இருவராகவே செல்லுதல் வேண்டும்" என்றார் வைத்தியர்.

"மொதல்ல உள்ள காத்து இருக்கான்னு பாக்கணும். விளக்க கயித்துல கட்டி எறக்குங்க. அணைஞ்சிட்டா யாரும் போவாதீங்க" என்றார் ஓவியர்.

அது விஞ்ஞானப்படி சரி. இயற்பியல் படித்தவளால் அதை மறுக்க முடியவில்லை.

"எதுக்கு வம்பு. தண்ணிய எறைச்சிடலாம்" என்றார் வண்டிக்காரர்.

அவள் அவசரமாக ஒரு வரி சேர்த்தாள். அந்த ஏரிக்கு அடியில் வற்றாத ஊற்று இருக்கிறது, எவ்வளவு இறைத்தாலும் ஊறிக்கொண்டே இருக்கும். அவர்கள் கலங்குவார்கள் என்று பார்த்தால், அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் உற்சாகம் வந்தது.

"ஊத்துத் தண்ணியா? அப்ப ஷிப்ட் போட்டுத்தான் எறைக்கணும்."

போட்டார்கள். நிலவறை வாசலில் கயிறு கட்டி 'அபாயம்' என்று பலகை வைத்தார்கள். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது குழுவில் தகவல் வந்தது. "ஏ ஷிப்ட் முடிஞ்சுது. தண்ணி முழங்கால் மட்டம். பேய் ஒரு தடவ வந்துது, போயிடுச்சு. மத்தபடி நார்மல்."

நூறு வருடத்துப் பேய் அழுத அழுகை 'மத்தபடி நார்மல்' ஆகிப்போனதில் சண்முகப்பிரியா நொந்துபோனாள்.

அடுத்த நாள் வைத்தியரின் தமிழ் மாறியிருந்தது. முந்தின நாள்வரை "அந்தோ, என்ன கொடூரம்" என்று எழுதிக்கொண்டிருந்தவர், "நானு மெதுவா எட்டிப் பாத்துக்கினு நிக்கிறேன்" என்று எழுதினார். எண்ணைப் பார்த்தால் அது சமையல்காரருடையது. தனியாகக் கேட்டாள்.

"நீங்கள் சமையல்காரரின் மருமகன்தானே?"

"ஆமாங்க. வைத்தியரு வூட்ல காது குத்து. குள்ளஞ்சாவடி போயிருக்காரு. அதான் ரெண்டயும் நானே பாத்துக்கறேன். மியூச்சுவல்ங்க. நாளைக்கி எனக்கு அவரு பாப்பாரு."

"அவர் விலகிவிடவில்லையே?"

"அதெப்படிங்க வெலக முடியும்" என்று பதில் வந்தது.

அந்த விசுவாசம் அவளுக்குத் தெம்பாக இருந்தது. கதை எக்கேடு கெட்டாலும் ஐந்து பேரும் இருக்கிறார்கள்.

ஷிப்ட் விடாமல் இறைத்ததில் வற்றாத ஏரியும் வற்றியது. அடியில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் பூட்டிய அறை. கல்யாணத்தன்று அந்த அறையில் அடைக்கப்பட்டு இறந்துபோன மணப்பெண்தான் அந்தப் பேய். முடிவுக்கு வந்தாயிற்று. ஐவரில் ஒருவர் உள்ளே நுழைய வேண்டும், அவர் திரும்பி வர மாட்டார், மற்றவர்கள் தப்பலாம் என்று சண்முகப்பிரியா அறிவித்தாள். கையில் இரண்டே நாள் மிச்சம்.

ஐந்து பேரும் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"யாரும் உள்ள போறதா இல்ல. பேய்கிட்ட பேசணும்" என்றான் ஜமீன்தார் மகன்.

"பேய் யாரோடும் பேசாது."

"அப்ப நாங்களும் உக்காந்துக்கினு இருக்கோம்."

அவள் புயலை அனுப்பினாள். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூரையைப் பெயர்த்தாள். தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். ஓநாய்களை ஏவினாள். "டீ குடிச்சிக்கினு இருக்கோம், ஓநாய்க்கு பொறை போட்டோம்" என்று தகவல் வந்தது.

கதைக்குக் கடைசி நாள் வந்தது. அம்மா டிபன் பாக்ஸுக்கு மூடி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, "நாளன்னிக்கி ஆறே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்தது கூட்டமா இருக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சண்முகப்பிரியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அந்நியர்கள்மீது கோபம் வந்தது. மணப்பெண்ணின் வாயால் எழுதினாள்.

"உங்களுக்கு என்னதான் வேண்டும்? நூறு வருடமாக இந்த இருட்டில் நிற்கிறேன். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஒருவர்கூட என்னை உட்கார் என்று சொன்னதில்லை."

அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தாள். அதில் பேய் கொஞ்சம்தான் இருந்தது. அழித்துவிடலாமா என்று தவித்தாள். அதற்குள் ஐந்து பேரும் பார்த்துவிட்டார்கள்.

ஓவியர்தான் முதலில் கேட்டார். "நூறு வருஷமாவா?"

"இன்னும் கன்ஃபார்ம் பண்ணலியாம்மா ஒன்ன?" என்றார் சமையல்காரரின் மருமகன்.

"நூறு வருஷம் ஒரே எடத்துல சர்வீஸ். ஒரு ரூம் குடுக்கல. கத்தாம என்ன பண்ணும்" என்றார் வண்டிக்காரர்.

காது குத்து முடிந்து வந்திருந்த வைத்தியர் 'அந்தோ'வையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னார். "ஜமீன்தார் எடத்துல இப்ப நீதானப்பா இருக்க. நீயே குடுத்துடு."

ஜமீன்தார் மகன் எழுந்து நின்றான். "இந்த ரூம் இனிமே உன் பேருக்கு. யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. சாவி இந்தாம்மா. ஒழுகுனா சொல்லு, வந்து பாக்கறோம்."

சண்முகப்பிரியா, தான் எழுதி வைத்திருந்த ரத்தம் தோய்ந்த முடிவை அழித்துவிட்டு இரண்டு வரி எழுதினாள். "மணப்பெண் சாவியை வாங்கிக்கொண்டாள். நூறு வருடத்தில் முதல் முறையாக உட்கார்ந்தாள்."

மழை விட்டது. ஐந்து பேரும் மலையை விட்டு இறங்கினார்கள். கதை முடிந்தது. சண்முகப்பிரியா குழுவில் வந்ததையெல்லாம் அப்படியே மேடத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை மேடமே போன் செய்தார்.

"பயம் சுத்தமா இல்ல. ஆனா கடைசியில நான் அழுதுட்டேன். அத விடுங்க, அஞ்சு பேரும் ஒரு நாள்கூட விடலையே. எங்க ரைட்டர்ஸ்கிட்டயே இந்த ஒழுங்கு கிடையாது. எங்க புடிச்சீங்க இவங்கள?"

"தானா வந்தாங்க மேடம்."

"தானா வந்தவங்கள உக்கார வெச்சது உங்க எழுத்துதான். நீங்க ஒண்ணாந்தேதியே சேர்ந்துக்கலாம்."

சண்முகப்பிரியா "சரிங்க மேடம்" என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

விஷயத்தைச் சொன்னபோது அப்பா பேப்பரை மடித்தார்.

"மொத்தம் அஞ்சு பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"முன்னப் பின்ன தெரியாதவங்க."

"ஆமாம்பா."

"ம். பண்ருட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். சண்முகப்பிரியாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தி ஆட்களை வேலை வாங்குகிறவர். ஒரு சத்தம் போடாமல், வெறும் எழுத்தால் ஐந்து அந்நியர்களைக் கட்டிப்போடுவது என்றால் என்ன என்று அவருக்கு எப்படிப் புரியும்?

கேட் சத்தம் கேட்டது. அப்பாவுடைய கேங்கில் வேலை பார்க்கும் தனகோட்டி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். வழக்கமாக இப்படி யாராவது வந்தால் அவள் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். இன்று நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

"அப்பா குளிக்கிறாங்க. என்ன விஷயம், சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா, பங்களா வேல நல்லபடியா முடிஞ்சிடுச்சி, நாளையிலருந்து எங்க அஞ்சு பேருக்கும் மைன்ஸ் டூட்டி மட்டும் போட்டா போதும்னு சார்கிட்ட சொல்லிடு."