ராஸ் அல் கைமாவில் ஒரு பிரசிடெண்ட்

சிவகங்கைப் பக்கத்துப் பஞ்சாயத்துத் தேர்தலை வளைகுடாவின் ராஸ் அல் கைமாவில் உட்கார்ந்துகொண்டு நடத்திய மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். அவர் வேட்பாளர் இல்லை. அவருக்கு ஒரு ஓட்டு உண்டு, ஆனால் அதைப் போட அவர் ஊரில் இல்லை. ஓட்டுப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கடல் கிடந்தது. அதை அவர் ஒரு வாய்க்கால் அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

எங்கள் டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் அவருக்கு 'பிரசிடெண்ட்' என்று பெயர். நிஜப் பிரசிடெண்ட் ஊரில் இருந்த அவருடைய மனைவி மல்லிகா. பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்து. 2001-ல் அந்த அம்மாள் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தலைவி ஆனார். பதவி அங்கேயே இருந்துவிட்டது, பட்டம் மட்டும் விமானம் ஏறி இவரிடம் வந்துவிட்டது. கம்பெனி பஸ் ஓட்டிய பாகிஸ்தான் பட்டாணி டிரைவர், இவர் ஏதோ ஒரு குட்டி நாட்டின் ஜனாதிபதி என்றும், ஆட்சி கவிழ்ந்ததால் தப்பி வந்து டைல்ஸ் அடுக்குகிறார் என்றும் ரொம்ப நாள் நம்பினார். முன் சீட்டை இவருக்காகத் தினமும் துடைத்து வைப்பார். பிரசிடெண்ட் அதைத் திருத்தப் போகவில்லை.

"ஒருத்தர் நம்பிக்கையக் கெடுக்கப்படாது சார்" என்றார்.

நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். லீவு ஃபாரம், விசா புதுப்பிக்கிற காகிதம் இரண்டும் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். தமிழில் எம்.ஏ. படித்தவன். பாலைவனத் தனிமையில் படித்துத் தீர்த்துவிடலாம் என்று ஒரு பெட்டி புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஏசி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுப்பதற்கு அதில் இரண்டு மிகவும் பயன்பட்டன.

பிரசிடெண்டுக்கு சார்ட்டிங்கில் வேலை. சூளையிலிருந்து வரும் டைலை விரலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே பர்ஸ்டா, செகண்டா, ரிஜெக்டா என்று பிரிப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரியும். 2006-ல் மறுபடி தேர்தல் வந்தபோது இந்தத் திறமையை அப்படியே வாக்காளர் மீது பிரயோகித்தார். அவர் பஞ்சாயத்து ஆட்கள் எமிரேட்ஸ் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஊரில் அம்மா, மனைவி, தங்கை, மாமியார் என்று நாலைந்து ஓட்டு. இவர்கள் இங்கிருந்து போன் போட்டுச் சொன்னால் அங்கே விழும் என்பது கணக்கு. ஆளைப் பார்த்ததும் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"என்ன மாப்ளே, வீட்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே."

வெளியே வந்ததும் என்னிடம் சொல்வார்: "ரிஜெக்டு சார். உள்ள விரிசல். மறுக்கா வரணும்."

அது நோன்பு மாதம். வேலை நேரம் குறைவு என்பதால் பிரச்சாரத்துக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஆனால் சூரியன் விழும்வரை யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்க முடியாது. டீ இல்லாமல் ஓட்டுக் கேட்ட ஒரே தமிழர் என்ற பெருமையும் இதனால் அவருக்கே.

ஒரு வெள்ளிக்கிழமை துபாய் அல் கூஸில் ஒரு கேம்ப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான்தான் பிரச்சாரச் செயலாளராம். எம்.ஏ.வுக்கு மரியாதை வேண்டுமே என்று, சங்க காலத்தில் ஆரம்பித்து ஊராட்சித் தத்துவம் வரைக்கும் நாலு பக்கம் உரை எழுதிக் கொடுத்திருந்தேன். அறையில் பன்னிரண்டு பேர். பிரசிடெண்ட் நாலு பக்கத்தையும் கண்ணில் நீர் மல்க வாசித்தார். பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். பொழுது சாய்ந்ததும் சமோசா வந்தது, அதுவும் போனது. அப்புறம்தான் பேச்சு கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. பன்னிரண்டு பேரும் கரீம்நகர் தெலுங்கர்கள். நாங்கள் தேடிப்போன ஊர்க்காரன் டூட்டிக்குப் போயிருந்தான்.

காரில் திரும்பி வரும்போது கேட்டேன். "ஒரு வார்த்தைகூடப் புரியாமலா அப்படிக் கை தட்டினார்கள்?"

"அதான் சார் நல்ல பேச்சுக்கு அடையாளம்" என்றார். இதுவரை என் எழுத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

குவைத் அப்பாசியாவில் அவர் ஊர்க் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுக்குப் போனிலேயே பிரச்சாரம். ஊரில் பூட்டிக் கிடக்கும் தங்கள் வீட்டு முன்னால் தெருவிளக்கு வேண்டும் என்று அந்த வீட்டம்மாள் கோரிக்கை வைத்தார். "போட்டுருவோம் ஆத்தா! ரெண்டாப் போட்டுருவோம்!" என்று இவர் உடனே வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் மல்லிகா போனில் கிழித்ததைக் கேட்டேன். ஸ்பீக்கர் போடாமலே கேட்டது.

பிறகு சின்னம் ஒதுக்கினார்கள். கத்தரிக்காய்.

அன்றிலிருந்து எங்கள் தமிழ் மெஸ்ஸில் கத்தரிக்காய் சாம்பார், கத்தரிக்காய் பொரியல், எண்ணெய்க் கத்தரிக்காய். சமையல்காரர் இவருக்குப் பங்காளி. நாலாம் நாள் நாற்பது பேரும் தட்டோடு டைம் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தார்கள். கோஷம் எதிலும் மல்லிகாவின் வெற்றி இடம்பெறவில்லை.

அந்த ஊர்வலத்தின் தலைவர்தான் மேல்கட்டில். கேம்ப்பில் இரட்டை அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டிலில் பிரசிடெண்ட், அவருக்கு மேலே சேது என்று ஒருவர். சேதுவின் கூடப்பிறந்த அக்காள்தான் மல்லிகாவை எதிர்த்து நிற்கும் வேட்பாளர். ஊரில் ரைஸ்மில்காரர் மனைவி. போஸ்டரில் ரைஸ்மில்காரர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார், வேட்பாளரான மனைவி தபால்தலை அளவில் ஒரு மூலையில் இருந்தார். ஜெயித்தால் யார் நாற்காலியில் உட்காருவார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஆளும் கட்சி கீழே, எதிர்க்கட்சி மேலே. இருவருக்கும் ஒரே ஏணி, ஒரே சோப்பு.

"மச்சான், ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு ஓட்டுக் கேக்குறீக. மனுசன் தூங்க வேணாமா?" என்பார் சேது.

"ஒன் கால் என் மூஞ்சிக்கு மேல தொங்குதே, அத நான் கேட்டனா?"

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரசிடெண்ட் லீவு ஃபாரத்தோடு வந்தார். ஊருக்குப் போவது இரண்டரை வருஷத்துக்குப் பிறகு. கடைசி வாரம் நேரில் போய் இறங்கி வேலை பார்க்கப் போகிறாராம். பெட்டி கட்டியாகிவிட்டது. போர்வை, பால் பவுடர், தைலம், மல்லிகாவுக்கு ஒரு டார்ச் லைட். பெட்டியின் நாலு பக்கமும் பெயர் எழுதிக் கயிறு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேல்கட்டில் எல்லாவற்றையும் பார்த்தார். அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டார்.

மறுநாள் ரைஸ்மில்காரரின் ஆட்டோ, மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. தலைவியின் கணவர் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார், இனிமேல் பஞ்சாயத்து அவர் கையில் என்பதுதான் அறிவிப்பு.

அன்று மாலை மல்லிகாவின் போன். நான் பக்கத்தில் இருந்தேன். பிரசிடெண்ட் பெருமையாக ஸ்பீக்கரைப் போட்டார்.

"இந்தா பாருங்க, நீங்க வர வேணாம்."

"ஏத்தா? டிக்கெட்டெல்லாம் பாத்தாச்சு."

"நீங்க வந்தீகன்னா நான் தோத்துருவேன்."

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மல்லிகா நிறுத்தவில்லை.

"சுத்துப்பட்டுல எந்த ஊருலயும் தலைவி கையெழுத்த தலைவி போடல. புருசன்தான் போடுறான். அவன் எங்க படுத்துக் கெடக்கான்னு தேடிக்கிட்டுச் சனம் அலையுது. நம்மூருல எந்நேரம் வந்தாலும் நானே போடுறேன். அது எதனாலன்னு நெனைக்கிறீக? நீங்க இங்க இல்லாததுனாலதான். போன தடவ பொம்பளைக அதச் சொல்லித்தான் ஓட்டே போட்டாக. இப்ப நீங்க வர்றீகன்னதும் கீழத்தெருவே மொகத்தத் திருப்பிக்கிருச்சு."

"நான் ஒரு வாரத்துல திரும்பிருவேன்ல..."

"யாரு நம்புறா? பெட்டி கட்டுனதுவரைக்கும் மைக்குல சொல்லியாச்சு."

  போனை வைத்ததும் பிரசிடெண்ட் என் மேஜையில் இருந்த டைல் ஒன்றை எடுத்துத் தட்டினார், கீழே வைத்தார்.

"சார், நான் பேசிப் பேசித்தான் ஓட்டு விழுந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் இல்லாததுக்குத்தான் விழுந்திருக்கு."

 இதற்கு ஆறுதல் சொல்வது எம்.ஏ. பாடத்திட்டத்தில் கிடையாது.  அவர் முகம் மெல்ல மெல்ல வெளிச்சமானது.

"அப்ப பாருங்க சார், போன தடவ அவ ஜெயிச்சதும் என்னாலதான்!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. லீவு ஃபாரத்தை அவரே வாங்கிக் கிழித்தார். "எழுதுங்க சார். இன்னும் மூணு வருசத்துக்குக் காண்ட்ராக்டு. விசா அடிச்சுக் குடுங்க. கம்பெனி லெட்டர் ஒண்ணு வேணும். நான் வரமாட்டேன்னு கம்பெனியே சொல்லணும்."

என் வாழ்க்கையில் ஒருவரின் வராமைக்குச் சான்றிதழ் எழுதியது அந்த ஒரு முறைதான். இவர் எங்கள் தொழிற்சாலையின் இன்றியமையாத ஊழியர், இவருடைய ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டுள்ளது, இவர் தற்போது ஊருக்கு வரும் உத்தேசத்தில் இல்லை என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். லெபனான்கார மேனேஜர் தமிழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து அழகாக இருக்கிறது என்றும் பாராட்டினார்.

ஊரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். அது முழுக் கறுப்பாகப் போய் இறங்கியது. பார்த்தவர்கள், யாருக்குக் காரியம் என்று விசாரித்தார்களாம். தபாலில் அனுப்ப நாள் இல்லை. அந்த வாரம் எங்கள் கேம்ப்பிலிருந்து ஊருக்குப் போகிற ஒரே ஆள் சேது. அக்காளுக்குத் தேர்தல் வேலை பார்க்கத்தான் போகிறார்.

வளைகுடாவில் ஒரு சட்டம் உண்டு. எந்த அரசாங்கமும் போட்டதல்ல. ஊருக்குப் போகிறவன், யார் எதைக் கொடுத்தாலும் எடுத்துப்போக வேண்டும். கவரைப் பிரிக்கக்கூடாது. மாட்டேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால், அடுத்த முறை அவன் வீட்டுப் பொருளை எவனும் தொடமாட்டான்.

கடிதமும் விசா நகலும் வைத்த கவரைப் பிரசிடெண்ட் நீட்டினார். சேது அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு மச்சான்?"

"ஒங்க அக்காளத் தோக்கடிக்கிற லெட்டரு."

சேது பெருமூச்சு விட்டார். "பெட்டியையும் குடுங்க. எப்பிடியும் கேக்கத்தான போறீக."

கவர் போய்ச் சேர்ந்தது, பிரிக்காமலே. சேது ஏர்போர்ட்டிலிருந்து நேராக மல்லிகா வீட்டில் இறங்கி, பெட்டியையும் கவரையும் கொடுத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அக்காள் வீட்டுக்குப் போய் மைக்கைப் பிடித்தாராம். மல்லிகா அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து, விசா பக்கத்தையும் சேர்த்து வீடு வீடாகக் கொடுத்தார். மேலே, 'கணவர் வரமாட்டார். கத்தரிக்காய்க்கு வாக்களியுங்கள்' என்று ஒரு வரி. நான் எழுதிய நாலு பக்கத்தில் ஊராட்சித் தத்துவம் இவ்வளவு தெளிவாக வரவில்லை.

ஓட்டு எண்ணிய அன்று பிரசிடெண்ட் சார்ட்டிங்கில் நின்றுகொண்டே எல்லா டைலையும் பர்ஸ்ட் என்று அனுப்பிக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் ஆக வேண்டியதெல்லாம் அன்றைக்குத் தப்பித்தது. சாயங்காலம் போன் வந்தது. நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசம். கேம்ப்பில் லட்டு விநியோகம். பட்டாணி டிரைவர், ஆட்சி திரும்பிவிட்டதாகக் கருதி, "எப்போது நாட்டுக்குப் புறப்படுகிறீர்கள், சாகிப்?" என்று மரியாதையோடு கேட்டார்.

பிரசிடெண்ட் சிரித்தார். ஆனால் லட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், இப்ப லீவு போடலாமா?"

"மேடத்தைக் கேட்டீர்களா?"

"கேட்டேன் சார். இருவது நாளுன்னா பரவால்லையாம். ஆனா பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் தல காட்டப்படாதாம். போன்லயே சத்தியம் வாங்கிட்டா."

ஃபாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. என் சர்வீஸில் அந்தக் கட்டத்தில் ஒரே தாத்தா நாலு முறை செத்திருக்கிறார், ஒரே தங்கைக்கு மூன்று முறை கல்யாணம் ஆகியிருக்கிறது. இவர் தமிழில், கோணல் எழுத்தில், 'மல்லிகாவைப் பார்க்கணும்' என்று எழுதியிருந்தார்.

காண்ட்ராக்ட் புதுப்பித்த ஆளுக்கு ஆறு மாதத்துக்கு லீவே கிடையாது என்பது விதி. மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறான்?"

"குடும்பத்தில் அவசரம்" என்றேன்.

"யார் இறந்தது?"

"யாரும் இல்லை. இரண்டரை வருஷமாக மனைவியைப் பார்க்கவில்லை."

மேனேஜர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு என் ஓட்டைக் காரில் நானே கொண்டுபோய் விட்டேன். போகிற வழி முழுக்க, அடுத்த ஐந்து வருஷத்தில் பஞ்சாயத்து என்னென்ன செய்யப்போகிறது என்று பேசிக்கொண்டே வந்தார். அமைதியைத் தேடிப் பாலைவனம் போனவன் நான். இருபது நாள் அது எனக்குக் கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது கார் ரொம்ப அமைதியாகத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.