பத்தியின் மேல் வைத்த ஹால் டிக்கெட்

இடம்: இராஜபாளையம்
நாள்: பரீட்சைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கையோடு

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மூத்த சகோதரர் திரு. பால்துரை அவர்களின் சமூகத்துக்குத் தங்கை ஜெயக்கொடி பணிவுடன் வரையும் மடல்.

தாங்களும் மதினியும் பிள்ளைகளும் கோயம்புத்தூரில் கர்த்தருடைய நிழலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் தங்கள் மாப்பிள்ளையும் என் மகள் அக்சாவும் நானும் சுகம், தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் சுகமில்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் தாங்கள் "சரி விடுட்டி, சரி விடுட்டி" என்பீர்கள், மூன்றாவது வார்த்தைக்கு மதினி போனை வாங்கிவிடுவார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இந்தத் "தாங்கள்" எல்லாம் தமிழ்ப் பரீட்சைக்குக் கடிதம் எழுதப் பழகியதில் வந்தது. கை வலிக்கிறது, இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

நேற்று நான் எழுதிய பரீட்சை எதற்கு என்று உனக்குத் தெரியும், தெரிந்தாலும் முழுசாகத் தெரியாது. பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு இருபத்தொன்பது வருஷம். துணியைத் தொட்டாலே எங்கே இழை விட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பேக்கிங் செக்சனுக்கு இதுவரைக்கும் ஆறு சூப்பர்வைசர் வந்தாச்சு, ஆறு பேருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தது நான்தான். இப்போது இருப்பது மாரிக்கனி, இருபத்து மூன்று வயசு, தங்கமான பிள்ளை, "யக்கா, இதுல கையெழுத்துப் போடலாமாக்கா?" என்று என்னைக் கேட்டுத்தான் பேனாவையே திறக்கும். அது ஆவணியில் கல்யாணமாகி மதுரைக்குப் போகிறது. மானேஜர் குருசாமி சார் என்னைக் கூப்பிட்டு, "ஜெயக்கொடியம்மா, வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு வாராங்க, சூப்பர்வைசர்னா பத்தாவது பாஸ் ஆயிருக்கணும்னு எழுதியே வச்சிருக்காங்க. அந்த ஒரு சர்டிபிகேட்டக் கொண்டாந்துருங்க, நாற்காலி உங்களுக்குத்தான். இல்லேன்னா ஏழாவது ஆளுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் போகாமலே பத்தாவது எழுதலாம் என்று விசாரித்து விண்ணப்பம் போட்டுத் தந்தது நீதான், அதை நான் மறக்கவில்லை. மற்ற பாடமெல்லாம் போன வருஷமே தேறிவிட்டேன். சமூக அறிவியல்தான் இரண்டு மார்க்கில் காலை வாரியது. இந்தத் தடவை அக்சா ராத்திரியும் பகலும் சொல்லிக் கொடுத்தாள், தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வருஷங்களை மனப்பாடம் பண்ணினேன். கேள்வித்தாளில் பத்து மார்க்குக்கு வரலாற்றுப் பத்தி ஒன்று வரும் என்றும் அவள் சொன்னாள். "அதுக்கு என்னட்டி படிக்கணும்?" என்று கேட்டேன். "அதுக்கு ஒண்ணுமே படிக்க வேண்டாம்மா, சும்மா பாத்து எழுதிரலாம்" என்றாள். படிக்காமல் எழுதுகிற பத்து மார்க் எனக்கு வேண்டாம் என்று கோபப்பட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு நான் கேட்கவே இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பரீட்சை நடந்த இடம் எது தெரியுமா, ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் ரெண்டு பேரும் முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதினோமே, அதே பள்ளிக்கூடம். வன்னியம்பட்டி விலக்கு வரைக்கும் பஸ்ஸில் நன்றாகத்தான் இருந்தேன். கோபுரம் கண்ணில் பட்டதும் ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று பையைத் திறந்து திறந்து பார்த்தேன். முதல் வருஷம் நீ கோட்டை விட்டு என்னோடு சேர்ந்து மறுபடி எழுத வந்தாயே, எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாயே, நீ தூக்கிப் போட்ட பிட் என் காலடியில் வந்து விழுந்ததே, அதே ஹாலுக்கு வெளியே நின்றுகொண்டு நான் என் நம்பரைத் தேடினேன். அன்றைக்கு அந்தப் பிட்டில் இருந்தது உன் கையெழுத்து, ஆனால் கிடந்தது என் பெஞ்சுக்கடியில், ஆகையால் வெளியே போனது நான். அப்பா உன்னை பெல்ட்டால் வெளுத்தார், நீ பாஸாகிப் பட்டாளத்துக்குப் போனாய், நான் பேண்டேஜ் சுற்றப் போனேன். அப்பாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசாகிறது, காது அவ்வளவாகக் கேட்கவில்லை, ஆனாலும் நேற்றுக் காலையில் நான் கிளம்பும்போது, "அந்தப் பய மட்டும் அத எறியாம இருந்திருந்தா நீ இந்நேரம் டீச்சராகியிருப்ப" என்றுதான் ஜெபம் பண்ணி அனுப்பினார். நீ சுபேதாராக ரிட்டயர் ஆகி வந்தபோதும் அவர் முதலில் உன் சட்டைப் பையைத்தான் பார்த்தார். நீயும் சிரித்துக்கொண்டே நின்றாய்.

ஹாலில் எனக்கு முன் பெஞ்சில் பால்ச்சாமி என்று ஒருத்தர், லாரி ஓட்டுகிறவர், அறுபது வயசு இருக்கும், பேரனிடம் பந்தயம் கட்டிப் பரீட்சை எழுத வந்தவர். கேள்வித்தாள் வந்தது. வருஷமெல்லாம் வந்தது, நான் படித்ததே வந்தது, பேனா தானாக ஓடியது. பக்கத்தைத் திருப்பினால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் நம் நாட்டில் ரயில் வந்த கதை. பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது, பதினாலு பெட்டி, நானூறு பேர் போனார்கள், வெள்ளைக்காரன் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவும் படையைச் சீக்கிரமாக அனுப்பவும் தண்டவாளம் போட்டான் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கட்டத்துக்குக் கீழே கேள்வி: முதல் ரயிலில் எத்தனை பேர் பயணம் செய்தனர்? எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. விடையை மேலேயே அச்சடித்து வைத்துவிட்டுக் கீழே கேள்வி கேட்டால் என்ன அர்த்தம்? ஒன்று, அச்சாபீஸில் தப்பு நடந்து விடைத்தாளும் கேள்வித்தாளும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லை, யார் பார்த்து எழுதுகிறார்கள் என்று பிடிப்பதற்கு வைத்த பொறியாக இருக்க வேண்டும். முன்னால் பார்த்தால் பால்ச்சாமி ஒரு விரலைப் பத்தியில் வைத்துக்கொண்டு மறு கையால் கூசாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். வயசான மனுசன் மாட்டப்போகிறாரே என்று ரெண்டு தடவை இருமிக் காட்டினேன். அவர் திரும்பி, "தண்ணி வேணுமாம்மா?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, என் ஹால் டிக்கெட்டை எடுத்து அந்தப் பத்தியை முழுசாக மூடினேன். ஒரு தடவை படித்தது மனதில் நின்றதை வைத்துச் சொந்தமாக எழுதினேன். நானூறா நானூற்று நாற்பதா என்று சந்தேகம் வந்தது, நாற்பது பேரை ஏற்றியே எழுதினேன், ரயிலில் இடமா இல்லை. தண்டவாளம் ஏன் போட்டான் என்ற கேள்விக்கு, பருத்தி கொண்டுபோக, படை கொண்டுபோக என்று எழுதிவிட்டு, என் அண்ணனும் படைக்கு ரயிலில்தான் போனான், நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை எழுதிய பிறகுதான் மனசு கேட்காமல் கையைத் தூக்கினேன்.

ஹாலைப் பார்த்துக்கொண்ட பாண்டிச்செல்வம் சார் வந்தார். "சார், கேள்வித்தாள்ல விடை வெளியாயிருச்சு சார்" என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. அவர் பயந்துபோய், "எங்கம்மா, எந்தக் கேள்வி?" என்று குனிந்தார். ஹால் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் மூச்சை விட்டு, "அம்மா, அது பாத்து எழுதத்தாம்மா குடுத்திருக்கு" என்றார். "பாத்து எழுதுறதுக்குப் பேரு என்ன சார்?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்தா பறக்கும் படை வர வேண்டும். வெங்கடேஸ்வரி என்று ஒரு மேடம், கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசலில் நின்றே, "என்ன சார் அங்க?" என்றார்கள். அவ்வளவுதான், நான் ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். முந்தானையை உதறிக் காட்டினேன், செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன், பெஞ்சுக்கடியில் நானே குனிந்து பார்த்து, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவே இல்லை அண்ணே.

மேடம் பக்கத்தில் வந்து விசாரித்து, ஹால் டிக்கெட்டையும் பத்தியையும் பார்த்தார்கள். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இதுக்கு முந்தி எப்பவாச்சும் பிட் அடிச்சு மாட்டியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்கள். "மாட்டியிருக்கேன் மேடம், அடிச்சதில்ல" என்றேன். மேடம் பத்தியைத் தொட்டுக் காட்டி, "இது வாசிச்சுப் புரிஞ்சுக்கிடுதீங்களான்னு பாக்குறதுக்கு வச்ச கேள்வி. இதுல பாக்கலேன்னாத்தான் தப்பு. பயப்படாம பாத்து எழுதுங்க" என்று ஹால் டிக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவிய தலை மறைந்ததும் நான் ஹால் டிக்கெட்டை மறுபடி அதே இடத்தில் வைத்தேன். பாண்டிச்செல்வம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேள்வித்தாளைக் காட்டினால் அக்சா, "நானூறுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேம்மா, எம்புட்டு ஈசி, இதுல போயி மார்க்க விடுவியா?" என்று கத்துகிறாள். உன் மாப்பிள்ளை கத்தவில்லை, எழுந்து போய் மோட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தார். போன தடவை ரெண்டு மார்க்கில் போனவள் நான். இந்தத் தடவையும் ரெண்டு மார்க்கில் போனால், ஆவணியில் ஏழாவது பிள்ளை ஒன்று வந்து என்னை அக்கா என்று கூப்பிடும், நான் அதற்கு இழை பார்க்கச் சொல்லிக் கொடுப்பேன். போகட்டும். தப்பாக எழுதினாலும் என் தப்பை என் கையால் எழுதினேன், அடுத்தவர் எழுத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நீ செய்த காரியத்தால் என் பேரில் விழுந்த கறையை நேற்று அதே ஹாலில் வைத்து நானே துடைத்துவிட்டேன். இனிமேல் பரீட்சை என்ற பேச்சை என்னிடம் எடுக்காதே, விண்ணப்பம் எதுவும் வாங்கி அனுப்பாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அப்பாவுக்கு முன்னால் நின்று, என் தங்கச்சி பார்த்து எழுதுகிறவள் இல்லை என்று நீ சத்தமாகச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

மதினிக்கு என் ஸ்தோத்திரம் சொல். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். உன் முட்டிவலிக்கு எங்கள் கம்பெனி பேண்டேஜ் நாலு சுருள் தனியாக அனுப்பியிருக்கிறேன், கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
எக்காலத்திலும் பார்த்து எழுதாத உன் தங்கை,
ஜெயக்கொடி

பி.கு.: இதைத் தனித் துண்டில் எழுதுகிறேன், மதினிக்குக் காட்டாதே. அண்ணே, நேற்றுக் கடைசி மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது நான் ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். நாற்பது பேரையும் அடித்துவிட்டு நானூறு என்று திருத்தினேன். அக்சாவுக்குக்கூடத் தெரியாது. மேடமே பார்க்கச் சொன்ன பொறவும் என் கை அப்படி நடுங்கியது. இந்த நடுக்கத்தை இதற்கு முன்னால் எங்கே பார்த்தோம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், யோசிக்காமலே தெரிந்தது. அந்தப் பிட்டை நீ தூக்கிப் போடவில்லை. உன் வரலாற்று நோட்டிலிருந்து முதல் நாள் சாயங்காலம் நான்தான் கிழித்தேன், இடுப்பில் சொருகிக்கொண்டு போனதும் நான்தான். நீ எறியவில்லை என்று உனக்கும் தெரியும். அப்பா பெல்ட்டை உருவி, "நீதானல எறிஞ்ச?" என்று கேட்டபோது எதற்காகத் தலையை ஆட்டினாய்? முப்பது வருஷமாக ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லையே நீ. ஒவ்வொரு லீவுக்கும் மிலிட்டரி கேன்டீனிலிருந்து எனக்குப் பெட்டி கொண்டுவந்தாய், நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கினேன். எழுதிக்கொண்டே வந்ததில் மேலே இருக்கும் கடிதத்தையே நானும் நம்பிவிட்டேன், அதைக் கிழிக்க மனசு வரவில்லை, அழகாக வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் நானே சொல்லப் போகிறேன், காது கேட்காததால் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுவேன். இந்தத் துண்டை நாலாக மடித்துக் கடிதத்துக்குள் சொருகி அனுப்புகிறேன். இந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டது தங்கச்சிதான் என்று யார் கேட்டாலும் சொல்.