பைண்டரை நீக்க வேண்டாம்

மதிப்பும் மரியாதையும் மிக்க பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் வலது கை, மூவரும் நலம். கையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் அதேபோல் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

நேற்றுப் பத்திரிகையில் தங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். 'ஏழாம் வட்டத்து மந்திரவாதி' என்ற நாவலிலும் 'தோள்வலிக்கு எளிய பயிற்சிகள்' என்ற நூலிலும் 97 முதல் 112 வரையுள்ள பக்கங்கள் சில பிரதிகளில் ஒன்றுக்கொன்று மாறித் தைக்கப்பட்டுவிட்டன, வருந்துகிறோம், கவனக்குறைவாக இருந்த பைண்டர் இம்மாத இறுதியில் நீக்கப்படுகிறார் என்று போட்டிருந்தீர்கள். ஐயா, அந்த மனிதரை நீக்காதீர்கள். அவர் எனக்குத் தெய்வம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சீலிங் பெயிண்டர். முப்பது வருடமாக அண்ணாந்தே பிழைத்தவன். ஏழு மாதத்துக்கு முன் வலது தோள் இறுகிப்போய், மார்புக்கு மேல் எழும்ப மாட்டேன் என்று கை அடம்பிடித்தது. காட்டாத டாக்டர் இல்லை, தடவாத தைலம் இல்லை. மேஸ்திரி, "கதவு ஜன்னல் வேலை வந்தா கூப்பிடுறேண்ணே" என்றார்; கூப்பிடவில்லை. மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்க, நான் வீட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன். பொழுது போகட்டும் என்று அவள்தான் தங்கள் நாவலை வாங்கிவந்தாள். 97ஆம் பக்கத்தில், கை விழுந்துபோன மந்திரவாதி தரையில் வட்டம் போட்டு, கறுப்பு மெழுகுவர்த்தி ஏற்றி, சுவரைப் பார்த்து நின்று, ஏழு சொற்களை முணுமுணுத்தபடி விரல்களை எறும்புபோல மேலே ஏற்றுகிறான். நாளுக்கு ஒரு விரற்கடை, மொத்தம் நாற்பது நாள். இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நானும் ஆரம்பித்துவிட்டேன்.

கறுப்பு மெழுகுவர்த்தி எந்தக் கடையிலும் கிடைக்காமல், வெள்ளையை வாங்கி மிச்சமிருந்த கறுப்பு எனாமல் பெயிண்டைப் பூசி ஏற்றினால் அது குபீரென்று பற்றி என் மீசையில் பாதியைக் கொண்டுபோனது, நான் போட்ட வட்டத்தை மனைவி கறை என்று நினைத்து மூன்று முறை துடைத்துவிட்டாள், காலை ஆறு மணிக்கு நான் சுவரோடு முணுமுணுப்பதைக் கேட்ட அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா, "தம்பி, எம்மேல கோவம்னா நேர்லயே திட்டிடுங்க" என்று வாசலில் வந்து அழுதார். "இந்த மாந்திரீகம் எல்லாம் நமக்கு வேணாங்க, எதாவது ஆயிடப்போகுது" என்று மனைவி பயந்தாள். "கை வந்தா போதும்மா" என்றேன். போன மாதக் கடைசியில், நாற்பதாம் நாள், ஸ்டூலில் ஏறிக் கையை நீட்ட, என் விரல் சீலிங்கைத் தொட்டது. ஐயா, நான் தேம்பித் தேம்பி அழுதேன். மறுநாளே பிரஷ்ஷோடு வேலைக்குப் போனேன். ஆனால் சூனியத்தால் வந்த கை ஆயிற்றே என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று அறிவிப்பைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. "பாத்தியா, நம்ம புக்குலயும் பக்கம் மாறியிருக்கு, நான் செஞ்சது எக்சர்சைஸ்!" என்று மனைவியிடம் கத்தினேன். மெழுகுவர்த்தி, தோளுக்கு ஒத்தடம். ஏழு சொற்கள், மூச்சுப் பயிற்சி. எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

ஆக, பைண்டர் பக்கத்தை மாற்றித் தைத்ததால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அவருக்கு என் கோடி நன்றி. அவர் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் வாழட்டும். அவரை வேலைக்கு வைத்திருக்கும் தாங்களும் நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் புத்தகத்தால் கை தூக்கிய,
சீலிங் பெயிண்டர்

பி.கு.: கடிதத்தை உறையில் போட மடித்தேன். ஓரத்தோடு ஓரம் மயிரிழை பிசகவில்லை. எனக்கு ஒரு கைக்குட்டையைக்கூட நேராக மடிக்க வராது. திகைத்து நிற்கும்போது தையல்கார அக்கா, போன வாரம் தானும் வாங்கிய அதே மந்திரவாதி நாவலோடு வந்தார். அதில் 97ஆம் பக்கத்தில், பனியன் போட்ட ஒருவர் நாற்காலியைப் பிடித்து நிற்கும் படம். கீழே 'வலித்தால் நிறுத்தவும்'. மாறித் தைத்தது அவர் பிரதியை. என்னுடையது சரியான பிரதி. நான் செய்தது அசல் மாந்திரீகம்! கை வந்த சந்தோஷத்தில் படிக்காமல் விட்ட 112ஆம் பக்கத்தை இப்போது படித்தேன்: 'கை புதிதாக முளைப்பதில்லை. இந்த ஏடுகளை மடித்துத் தைத்தவன் தோளிலிருந்து வருகிறது. திருப்பித் தர, ஏறிய வழியே நாற்பது நாள் இறங்கு.' அச்சகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா, "பைண்டர் அண்ணனுக்குப் போன மாசக் கடைசில இருந்து வலது கை எழும்பவே இல்லைங்க. இடது கையால அடுக்கினாரு, அதான் மாறிப்போச்சு" என்றார். மனைவியிடம் சொன்னேன். அவள் என் வலது தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "குடுத்துடுங்க. உங்களுக்குச் சட்டை மாட்டிவிடுறது எனக்குப் பழகினதுதானே" என்றாள். இன்றே ஒரு விரற்கடை இறங்கிவிட்டேன். மீதி முப்பத்தொன்பது நாளும் அவரை நீக்காதீர்கள். நாளை முதல் காலை எட்டு மணிக்கு நானே அச்சகத்துக்கு வந்துவிடுகிறேன். பக்க எண்ணை மட்டும் அவர் அருகில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். மடிப்பதையும் தைப்பதையும் பற்றிக் கவலை வேண்டாம், கை அவருடையதுதானே.