முண்ணாண் மாஸ்டரும் அண்ணியின் கால் கட்டும்

பதுளையில் வலி வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டிய ஒரே வீடு, நாங்கள் குடியிருந்த போர்டிங்தான். காரணம், அடுத்த அறை உயிரியல் மாஸ்டர். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிற்றுக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் முண்ணாண். அவருக்கு அதே பெயரை வைத்தவர்கள் நாங்கள்.

ஒரு காலை கட்டிலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு "ஐயோ" என்றேன். முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார்.

"வலி எங்க இருக்கு?"

"விரல்ல, மாஸ்டர்."

"தப்பு! விரல்லேருந்து சேதிதான் போகுது. முண்ணாண்ல நோயத் தடுக்கிற நிர்ப்பீடனக் காவல் செல்லுங்க இருக்கு. அதுங்க மேல வாங்கிகள் இருக்கு..."

"ஐஸ் இருக்கா மாஸ்டர்?"

"வாங்கின்னா என்ன? சொல்லுங்க பாப்போம்!"

செல்லின் மேல் உட்கார்ந்து சேதியைப் பிடிக்கும் மூலக்கூறு என்று ஒப்பித்த பிறகுதான் விட்டார். விரல் வீங்கிவிட்டது.

என் அண்ணி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மலையில் வழுக்கிக் காலில் வெட்டுப்பட்டது. புண் ஆறி மாதக்கணக்கான பிறகும் போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். நடிப்பு என்று நான் உட்படக் குடும்பமே முடிவுகட்டியிருந்தோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கட்டுப் போட்ட காலைக் காட்டினால்தான் கங்காணி உட்கார்ந்து செய்யும் வேலை கொடுப்பார். அதற்காக அண்ணி ஆறிய காலுக்குத் தினமும் துணி சுற்றினார். அந்தத் துணி பட்டே துடித்தார். கங்காணிக்குச் சந்தேகம் வந்து, திங்கட்கிழமை அவிழ்த்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். புண் இல்லையென்றால் மறுபடி மலைதான்.

இதை வாய் தவறி போர்டிங்கில் உளறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்பே ஏறி, எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார் மாஸ்டர். லீவு போட்டுவிட்டாராம். பண்டாரவளை வரை பனி படிந்த கண்ணாடியில் முண்ணாண் வரைந்துகொண்டே வந்தார். கண்டக்டர் அழித்தார். இவர் மறுபடி வரைந்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் கட்டு அவிழ்ந்தது. வெறும் தழும்பு.

"புண்ணு எங்கம்மா?" என்றார் கங்காணி.

அண்ணி தலைகுனிந்தார். மாஸ்டர் அதற்குள் குச்சி எடுத்து மண்ணில் வரைய ஆரம்பித்துவிட்டார்.

"புண்ணு ஆறிருச்சுங்க. முண்ணாண்ல இருக்க காவல் செல்லுக்குத்தான் அது தெரியல. வாங்கிங்க இன்னும் ஆபத்துன்னே சேதி குடுக்குது. அந்த செல்லுங்க ரசாயனத்தக் கக்கி வலி நரம்ப உசுப்பிவிடுது. அப்பறம் துணி பட்டாலும் வலிதான். எலியில பாத்துட்டாங்க, மனுசன்ல இன்னும் ஆராய்ஞ்சிக்கிட்டிருக்காங்க. வாங்கின்னா என்ன? சொல்லுங்க பாப்போம்!"

கங்காணி திருதிருவென்று விழித்தார். அறுபது பேர் கொழுந்துச் சாக்கோடு காத்து நின்றார்கள். வெயில் ஏறியது. மாஸ்டர் இரண்டாவது படத்துக்கு இடம் தேடினார்.

"ஐயா சாமி, போதும்! அந்தம்மா உக்காந்து தேயிலக் கன்னுக்கு மண் பை நெரப்பட்டும். நீங்க பஸ்ஸப் புடிங்க!"

கங்காணி நம்பிச் சொன்னாரா, தப்பித்தால் போதுமென்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மாஸ்டருக்கோ படம் பாதியில் நின்ற கோபம்.

அண்ணி மெதுவாக அவர் பக்கத்தில் வந்தார்.

"அப்ப நான் நடிக்கலீங்களா, மாஸ்டர்?"

எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்திருக்கிறது.

"இல்லம்மா. ஒங்களுக்கு வலிக்குது."

அண்ணி அங்கேயே அழுதுவிட்டார். வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் சொல்லாத சொல் அது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனோடு ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாது; ஆனால் எனக்கு ஒரு வலி வந்தால் இவர்தான் பக்கத்தில் வேண்டும்.