எந்த ‘டேக்’ என்று கேட்டார் மச்சான்

அர்த்தப்பிரியர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்ததும் வேறு தெருவில் நுழைந்திருப்பீர்கள். இவரிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வார் என்பது வேறு விஷயம். டாக்டர் சீட்டில் எழுதியதற்கும், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததற்கும், பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியில் ஒட்டியதற்கும் அர்த்தம் சொல்லி, அது எந்த பாஷையிலிருந்து எப்படிக் கிளம்பி வந்தது என்று வம்சாவளியும் சொல்லி, நாம் செருப்பை மாட்டும்போது, "ஆனா பாருங்க, இதுல இன்னொண்ணு இருக்குது" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். அந்த இன்னொன்று என்றைக்கும் தீர்ந்ததில்லை.

துடியலூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் பாலுசாமிக்கு இந்த இனத்தில் ஒருவர் மச்சானாகவே வாய்த்தார். மனைவி லோகப்பிரியாவின் அண்ணன் கிருபாசங்கர். செல்போனைத் தட்டித் தட்டியே போர்ச்சுகீசு படித்தவர். எதற்கு? அதை அவரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பாஷை பேசும் பிரேசிலிலிருந்து ரொட்ரிகோ என்ற வியாபாரி பட்டறைக்கு வருகிறார் என்று காதில் விழுந்ததும், மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

பாலுசாமிக்கு ரொட்ரிகோ தரப்போகும் பம்ப் ஆர்டர்தான் உயிர். கிடைத்தால், சாக்கு போர்த்திக் கிடக்கும் லேத்துகள் ஓடும். வேலையில்லை என்று அனுப்பிய ஆட்களைத் திரும்பக் கூப்பிடலாம். ரொட்ரிகோ பம்பை ஓட்டிப் பார்த்தார், பீறிட்ட தண்ணீரில் கை நனைத்தார், சிரித்தார். விமான நிலையத்துக்குப் போகக் கார் வாசலில் காத்திருந்தது. மேசைமேல் இருந்த மாதிரி பம்பைக் காட்டி, தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்: "டேக்? டுடே?"

பாலுசாமிக்குப் புரிந்தது. லோகப்பிரியாவுக்குப் புரிந்தது. வாசலில் நின்ற கார் டிரைவருக்கும் புரிந்தது. கிருபாசங்கருக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது.

"இருங்க மாப்ள!" என்று கையை உயர்த்தித் தடுத்தார். "எந்த டேக்னு தெரியாம எடுத்துக் குடுத்துப்போடாதீங்க. இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதானுங்க. இவங்க பாஷைல கையில புடிச்சா பெகார். கொண்டுட்டுப் போனா லெவார். மருந்து குடிச்சா தொமார். போட்டோ புடிச்சா திரார்…"

"மச்சான், அவரு பம்ப்பைத்தானுங்க…"

"அதுக்குத்தானுங்க வாரேன்."

குறுக்கே பேசி முடித்திருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் கொங்கு நாட்டில் பெண் எடுத்ததில்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் பாலுசாமியின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இவர்தான். வெளியாள் முன்னால் அவர் பேச்சை வெட்டினால் அந்த மடி வருமா? பாலுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்றார்.

ரொட்ரிகோ கண்டது இவ்வளவுதான்: ஒருவர் கை நீட்டி மறிக்கிறார், முதலாளி முகம் சுண்டி நிற்கிறார். கொடுக்க மனமில்லை போலிருக்கிறது!

"அண்ணா, காரு நிக்குதுங்கண்ணா. நேரமாவுது" என்றாள் லோகப்பிரியா.

"நல்லா ஞாபகப்படுத்துன அம்மணி! நேரம் எடுத்தா அதுக்குத் தனி வார்த்தை, தெமொரார்."

ரொட்ரிகோ கும்பிட்டார். கார் கிளம்பியது. பம்ப் மேசைமேலேயே இருந்தது.

சில நாள் கழித்து அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் சேதி வந்தது, போர்ச்சுகீசில். வேறு வழியில்லாமல் பாலுசாமி மச்சானிடமே போனை நீட்டினார். படிக்கப் படிக்கக் கிருபாசங்கரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மாப்ள! லெவார்தான் போட்டிருக்காரு! வேற ஊர்ல ஒரு கம்பெனில மாதிரி பம்ப்பைக் கையோட குடுத்துட்டாங்களாமா, கொண்டுட்டுப் போயிட்டாராமா. நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா?"

"அப்ப நம்ம ஆர்டருங்க?"

"அது அவங்களுக்குப் போயிருச்சுங்க. ஆனா பாருங்க, இந்தப் ‘போறது’ங்கறதுக்கு இவங்க பாஷைல…"

பாலுசாமிக்கு அழுகை வந்தது. அழவில்லை. காதுகுத்து இருக்கிறதே.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ‘டேக்’குக்குக் கிருபாசங்கர் சொல்லாமல் விட்ட அர்த்தம் ஒன்று இப்போது உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறதா? அப்படியானால், ஐயா, கொஞ்சம் வாசலை எட்டிப் பாருங்கள். யாருடைய காராவது கிளம்பிக்கொண்டிருக்கும்.