வாசலில் நின்ற சம்பந்தி

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மகன் வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். நலமறிய ஆவல் என்பது உண்மை. முன்பாதிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். அக்கா வீட்டில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வீட்டுக்கு எதிரே இருக்கும் பாறை. அந்தப் பாறையில் இப்போது யார் உட்காருகிறார் என்பது போகப் போகத் தெரியும். அதனால் எழுதி, பால் வண்டி ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும். கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

அக்காவின் பட்டியில் சிறுத்தை புகுந்து ஆடு தூக்குகிறது, நீ படித்த எலக்ட்ரானிக்ஸ் இதற்காவது உதவட்டும் என்று சொல்லி என்னை அனுப்பினீர்கள். வந்த அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு சைரன், ஒரு பெரிய விளக்கு, உடம்புச் சூட்டோடு எது நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிற ஒரு சென்சார். ஏணி கேட்டேன். போன தடவை நீங்கள் வந்தபோது இரவல் வாங்கிக்கொண்டு போனீர்களாம். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் நின்று எல்லாவற்றையும் பொருத்தினேன்.

சென்சாரில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். சூடாக ஒன்று நகர்ந்தால் கத்த வேண்டும், அதுதான் அதன் வேலை. ஆடு சூடாக இருக்கிறது, நகர்கிறது, அது கத்தியது. அது கத்தியதால் ஆடுகள் மிரண்டு ஓடின, ஓடியதால் மறுபடி கத்தியது. அத்தை விறகு எடுக்கப் போனால் கத்தியது, கோழி சிறகை உதறினால் கத்தியது. முதல் தடவை கத்தியபோது அத்தான் டிரம் மேல் நின்று எனக்கு வயர் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகி, இன்றைக்கும் கட்டுப் போட்டுக் கட்டிலில் இருக்கிறார். பால் கறக்கிற ஆடுகள் பாலை அடக்கிக்கொண்டன. நாய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. சரி என்று சென்சாரின் கூர்மையைக் குறைத்தேன். குறைத்ததும் எதற்குமே கத்தவில்லை. சோதித்துப் பார்க்காமல் விட முடியுமா? மறுபடி கொஞ்சம் கூட்டி வைத்து, நானே முட்டிபோட்டு நாலு காலில் பட்டியைச் சுற்றித் தவழ்ந்தேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அவருக்கு இந்த ஊரில் ரேடியோ என்று பெயர். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சிறுத்தை என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரியாம். நான் சொன்னபோதெல்லாம் அத்தான் கையைக் காட்டி வாயை மூடச் சொன்னார். அந்த மிருகத்துக்கு நாம் பேசுகிற பாஷை எப்போது கற்றுக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். "அவர்" என்பார்கள், "வர்றவர்" என்பார்கள். அவர்களுக்குள் வேறொரு பெயரும் இருக்கிறது, என் காதில் விழாமல் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு விளக்குப் போடுகிற நேரம். நான் உள்ளே வயர் சீவிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் பக்கத்திலிருந்து அத்தை, தொண்டையில் பாதி குரலாக, "தம்பி, வாசல்ல சம்பந்தி வந்து நிக்கிறார். அசையாதே" என்றார்.

இதில் என்மேல் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். இந்த வீட்டுக்குச் சம்பந்தி நீங்கள். நான் பஸ் ஏறும்போது, வேலையைச் சரியாகச் செய்கிறாயா என்று வார முடிவில் வந்து பார்ப்பேன் என்று சொல்லித்தான் அனுப்பினீர்கள். சொல்லாத நாளில் வந்து நிற்பதும் உங்கள் வழக்கம். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நிற்கிறார், வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அசையாதே என்கிறார்களே, இதென்ன மரியாதை என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டையை மாட்டி, தலையைக் கோதிக்கொண்டு, விறுவிறுவென்று போய் முன்கேட்டின் தாழ்ப்பாளை நீக்கி, அகலத் திறந்து, பையை வாங்கிக்கொள்ளக் கையையும் நீட்டி, "வாங்கப்பா, பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

வெளியே நின்றது நீங்கள் அல்ல.

என் தொடை உயரம் இருந்தது. மஞ்சள், புள்ளி என்றெல்லாம் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அந்த மங்கலில் நிறமே தெரியவில்லை, கண் மட்டும்தான். என் மார்க் ஷீட்டை நீங்கள் பார்ப்பீர்களே, கோபமும் இல்லாமல் ஆச்சரியமும் இல்லாமல், இவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று, அதே பார்வை. நீட்டிய கையை மடக்கு என்று மூளை உத்தரவு போடுகிறது, உத்தரவு தோள்பட்டையைத் தாண்டவில்லை. அவர் என் பேன்ட்டில் உரசாத குறையாக என்னைத் தாண்டி, திறந்த கேட் வழியாக உள்ளே நடந்தார். ஓடவில்லை, பதுங்கவில்லை. கூப்பிட்ட வீட்டுக்கு வருகிறவர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். பட்டிக்குள் ஒரு சலசலப்பு. அக்கா கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சினையாடு, ஈன இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு வந்து, அந்தக் கனத்தோடு மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். ஆடு ஒரு சத்தமும் போடவில்லை. சைரனும் போடவில்லை. எல்லாம் அடங்கி, நான் கேட்டைச் சாத்த நடந்தபோதுதான் சைரன் கத்தியது.

நான் "அவர்" என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடித்துத் திருத்த எனக்குத் தைரியம் இல்லை. இனி இந்தக் கடிதத்தில் சம்பந்தி என்று வந்தால் அது நீங்கள் அல்ல.

கேட்டைச் சாத்திவிட்டு வந்து அத்தையிடம் கேட்டேன், ஊரில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று. "சொல்லாம வருவார், வந்தா இல்லன்னு சொல்ல முடியாது, வெறுங்கையோட போக மாட்டார், ஒரு வார்த்தை தப்பாப் பேசினா காலத்துக்கும் மனசுல வச்சுக்குவார். வேற என்னன்னுதான் கூப்பிடறது?" என்றவர், யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் எனக்கு இரண்டு டம்ளர் டீ கொடுத்தார். ஏணியைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

மறுநாள் ரேடியோ ஒலிபரப்பிவிட்டார். சம்பந்தியை வாசல்வரை போய் அழைத்து வந்த பிள்ளை என்று என்னைப் பார்க்கவே நாலு பேர் வந்தார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்ததா இல்லையா, என்ன சொன்னார் என்று ஒரு கிழவர் சிரிக்காமல் கேட்டார். ஆனால் அப்பா, கிண்டலெல்லாம் பகலில்தான். வெயில் சாய்ந்தால் இவர்கள் குரலே வேறு. ரேடியோ கிளம்பும்போது, ஆட்டின் மிச்ச உடம்பு காட்டோரம்தான் கிடக்கும், அதில் விஷ மருந்து வைத்துவிட்டால் கதை முடிந்தது என்றார். முடிக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இவரை நமக்குத் தெரியும். இவர் போனா அந்த இடத்துக்கு வர்றவர் யாரோ, எப்படியோ" என்றார். அவர் இருப்பதால்தான் பன்றி வயலில் இறங்குவதில்லை என்று கட்டிலில் இருந்தபடி அத்தானும் சேர்ந்துகொண்டார். ஆட்டைத் தின்கிறவருக்கு வக்காலத்து. வனக்காவலர் பைக்கில் வந்து காலடித் தடத்தை அளந்தார். அரசாங்கச் சட்டை போட்ட ஆள், அறிவியல் பேசுவார் என்று நம்பினேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, "சம்பந்தி கொஞ்சம் பெரிய ஆளுதான்" என்றார். கூண்டு வரும் என்றார். எப்போது என்று கேட்டேன். வரும் என்றார்.

இனிதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். அன்று முதல் தினமும் வெயில் சாய்கிற நேரம் அவர் அந்தப் பாறைக்கு வந்துவிடுகிறார். பட்டியைப் பார்ப்பதில்லை. கேட்டைப் பார்க்கிறார். ஒரு தடவை திறந்த கேட் இன்னொரு தடவை திறக்காதா என்று உட்கார்ந்திருக்கிறார். நான்தான் பழக்கினேன். அத்தானுக்கோ எழுந்து நடக்க முடியாது. அதனால் இருட்டியதும் அக்கா ஒரு லாந்தரையும் தடியையும் எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். தனியாக. தடிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? நான் அவரைப் பக்கத்தில் பார்த்தவன், அந்தக் கழுத்துத் தடிமன் எனக்குத் தெரியும். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தூக்கம் என்பது வரவில்லை.

நேற்று சொல்லிப் பார்த்தேன், கிளம்பு, நம் வீட்டுக்குப் போகலாம் என்று. அக்கா தீவனம் கலந்துகொண்டே, "அந்த ஆட்டைப் பத்தி உன்னை நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். வீட்டுக்கு வான்னு மட்டும் கூப்பிடாதேடா. இந்த வீட்டுல என்னோடதுன்னு இருக்கிறது இதுங்கதான்" என்றாள்.

ஆகவே தொழில்நுட்ப ரீதியாக என் முடிவு இது. இந்த வீட்டில் யாருக்கும் புத்தி சொல்லிப் பயனில்லை. அக்கா கேட்பது உங்கள் ஒருவர் பேச்சைத்தான். வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே கிளம்பி வாருங்கள். திட்டியோ கெஞ்சியோ அவளை அழைத்துக்கொண்டு மூன்று பேருமாகத் திரும்பிவிடுவோம். ஆடு போனால் போகட்டும். என் பையை இப்போதே கட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் காலையும் அம்மாவின் காலையும் தொட்டு வணங்குகிறேன். எங்கள் தலையில் கை வைத்து வாழ்த்துவதை, வசதிப்படுமானால், அங்கிருந்தபடியே இரண்டு தடவையாகச் செய்யவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படியும் மகன்

பின்குறிப்பு: வர வேண்டாம். தூங்கி எழுந்த அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். டிரம் வரும் இடத்தில் சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. பஸ் வந்து நிற்கிற நேரமும் அவர் பாறைக்கு வருகிற நேரமும் ஒன்று, நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழி பாறைக்கு அடியில்தான் போகிறது, அப்பாவை வரச் சொல்லாதே என்றாள். நானும் வரவில்லை. பையை அவிழ்த்துவிட்டேன். சைரனையும் கழற்றிவிட்டேன். அதில் குறை இல்லை, ஆனால் அது கத்தினால் வேறெதுவும் காதில் விழாது. ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் அசைபோடுவதை நிறுத்தினால் அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம், அன்றைக்கு அப்படித்தான் நிறுத்தின, நான் சட்டை மாட்டுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. இன்று முதல் பட்டியில் அக்காவோடு நானும் படுக்கிறேன். அம்மா கேட்டால் சென்சார் நன்றாக வேலை செய்கிறது, இங்கே அப்படி ஒரு மிருகமே இல்லை என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் பயப்பட வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நான் இங்கே பயந்துகொண்டிருக்கிறேன்.