குளியலறை அலமாரியில் மெக்னீசியம் நைட்ரைடு

என் மனைவியோடு கூடப்பிறந்த ஒரே காரணத்தால் அன்பிற்குரிய மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மூக்கு சம்மதிக்கவில்லை.

கல்லூரியில் வேதியியல் போதிக்கும் மேதையாகிய தாங்கள், எங்கள் வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, பச்சையும் மஞ்சளுமான ஏதோ ஒரு பொடியைப் பாட்டிலோடு விட்டுச் சென்றீர்கள். "பசங்களுக்குச் செஞ்சு காட்ட வாங்கினது அத்தான். அடுத்த தடவை வந்து எடுத்துக்கிறேன். தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க" என்று அருள்வாக்கு வேறு. தண்ணீர் படக்கூடாத பொருளை வைக்க, இத்தனை பெரிய வீட்டில் தங்கள் கண்ணில் பட்ட இடம் குளியலறை அலமாரி. அதுவும் மூடியைச் சரியாகத் திருகாமல். உங்க படிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு.

வெந்நீர் ஆவி பட்டுப் பட்டு ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், பஸ் நிலையக் கழிப்பறை தோற்றது. உங்க அக்கா நேரா என்னைத்தான் பார்த்தா. "வயசானா என்ன, போனா தண்ணி ஊத்திட்டு வரக்கூடாதா?" சத்தியம் பண்ணியும் நம்பல. பிளம்பரைக் கூப்பிட்டேன். அவன் தரையைப் பேர்த்துப் போட்டுட்டு, "குழாயில ஒண்ணுமில்ல. வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு என் மூஞ்சியப் பாத்தே சொல்றான். மாடியில இருக்கற வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கி வந்தா, பாட்டில் பக்கத்துல தொங்கின ஈரத்துண்டுல உங்க அக்கா பூசற மஞ்சளோட கறையெல்லாம் ரத்தச் சிவப்பா மாறிக் கெடக்கு. "எலி செத்துருச்சுன்னுல்ல நெனச்சேன், யாரு செத்தது?"ங்கறார். உங்க அக்கா மானத்தைக் காப்பாத்தறேன்னு துண்டை வாஷ்பேசின்ல போட்டு, சலவை பவுடர்னு நெனச்சு உங்க பொடியவே மொத்தமா கொட்டி, குழாயத் தொறந்துட்டா! சுர்ருனு சூடா பொங்கி, கண்ணெல்லாம் எரிஞ்சு, பாதி ஷேவிங்கோட நான் தெருவுல நிக்கறேன். அக்கம்பக்கம் பூரா வேடிக்கை. வீட்டுக்காரர் இருமிக்கிட்டே, "வீட்டைக் காலி பண்ணிருங்க"ன்னுட்டார்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு உங்களுக்கு போன் போட்டா, துக்கம் விசாரிப்பீங்கன்னு பாத்தா, நீங்க துள்ளிக் குதிக்கறீங்க: "அருமை அத்தான்! அது மெக்னீசியம் நைட்ரைடு. தண்ணியோட சேர்ந்தா அம்மோனியா வாயு. துண்டுல மஞ்சளைச் சிவப்பாக்கினதும் அதேதான். மிச்சம் நிக்கற வெள்ளைப் பொடி மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. அதத்தான் வயித்தெரிச்சலுக்கு மருந்தா குடுக்கறாங்க!"

என் வயித்தெரிச்சலுக்கு ஒரு லாரி அனுப்பி வையுங்க.

இனி தங்கள் வீட்டு வாசலை நான் மட்டுமல்ல, என் செருப்புகூட மிதிக்காது. தாங்கள் எல்லா நலமும் பெற்று, எங்களுக்கு வெகுதூரத்தில், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எரியும் கண்களுடன்,
அத்தான்

பி.கு.: வேறு வீடு எதுவும் அமையவில்லை. உங்க அக்காவும் உங்க மனைவியும் பேசி முடித்துவிட்டார்களாம். ஞாயிறு காலை சாமான் வண்டியோடு அங்கேயே குடிவருகிறோம். முன்னறையை ஒழித்து வைக்கவும். மேலே எழுதியதெல்லாம் பாசத்தில் எழுதியது, மாப்பிள்ளை.